இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி

மகனே,

இப்போது உனக்குப் பதினொரு வயது. வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடிதம் உனக்கு இல்லை. பதினெட்டு வயதில் உனக்குள்ளிருந்து ஒருத்தன் வருவான். மீசை அரும்பியிருக்கும். நான் ஒன்று சொன்னால் அவன் ஒன்பது சொல்வான். இது அவனுக்கு. நாளைக் காலை நான் பிளேன் ஏறுகிறேன். வளைகுடாவில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வால்வு டெக்னீஷியன் வேலை. இங்கே கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, அங்கே இரண்டு வருஷம் என்கிறார்கள், நீட்டித்தாலும் நீட்டிப்பார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயதுதான், ஆனால் தூரத்தில் இருக்கும் ஆளுக்கு எதுவும் நடக்கலாம், பக்கத்தில் இருக்கும் ஆளுக்கும் எதுவும் நடக்கலாம். அதனால் எழுதி அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டுப் போகிறேன். இன்னொரு பிரதியை ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நர்ஸம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். அங்கே வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பன்கள் யாராவது படிக்கட்டும். உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை, கவலைப்படாதே.

சுற்றி வளைக்க எனக்கு வராது. விஷயம் இதுதான். உனக்கு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. இடுப்புக்குக் கீழே, ஒருமுறை வலது, ஒருமுறை இடது. இன்றைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போக நாங்கள் இருக்கிறோம். பதினெட்டு வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியாது. அன்றைக்கு உனக்கு உடம்பில் எந்தக் கோளாறும் தெரியாது. ஓடுவாய், சாப்பிடுவாய், சிரிப்பாய். ஒன்றுமே இல்லாததற்கு எதற்கு இந்த வலி என்று தோன்றும். ஒரு ஊசியை விடுவாய், ஒன்றும் ஆகாது. அடுத்ததையும் விடுவாய். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அப்படித்தான் விட்டேன். உனக்கு ஒன்பதரை வயதில், உன் ஊசியை நிறுத்தியது நான். டாக்டர் இல்லை, அம்மா இல்லை, நீ அழுததும் காரணம் இல்லை. நான்.

முதல் தடவை நடந்தது உனக்கு நினைவிருக்காது. உனக்கு எட்டு வயது. தொண்டை வலி என்றாய். திருவொற்றியூரில் எந்தப் பிள்ளைக்குத் தொண்டை வலி இல்லை? ஒரு அறையும் ஒரு சமையல் கட்டும், அதில் நாம் மூன்று பேர், மாடியில் ஆறு பேர், பக்கத்துப் போர்ஷனில் ஏழு பேர். ஒரு பிள்ளை இருமினால் நாலு வீட்டுக்குப் பங்கு. கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நின்று புகை விடும் ரோடு வேறு. அம்மா உப்புத் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்க வைத்தாள், நாலு நாளில் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, "நைனா, முட்டி வலிக்குது" என்றாய். பந்து ஆடியதன் பலன் என்றேன். மறுநாள் முட்டி சரியாகி, கணுக்கால் வீங்கியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி என்று முடிவு கட்டிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மாதான் குறுக்கே வந்து நின்றாள். "இன்னாயா நீ. நேத்து முட்டின்றான், இன்னிக்கு கணுக்கால்ன்றான். பொய் சொல்றவன் ஒரே எடத்தையாவது புடிச்சிகினு இருப்பான்ல?" டிப்ளமோ படித்தவன் நான். பத்தாவது தாண்டாத அவளுக்குத்தான் அந்தத் தர்க்கம் தோன்றியது. இதை நீ ஒருநாள் அவளிடம் சொல். நான் நேரில் சொன்னதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டரம்மா, வைத்த இடத்திலேயே ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு என்ன வேலை செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். மணலிப் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் பட்டறையில் வால்வு வேலை என்றேன். "அப்ப உங்களுக்குப் புரியும். கேட்டுப் பாருங்க" என்று குழாயை என் காதில் மாட்டிவிட்டார். லப், டப் என்று கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்டது லப்புக்குப் பிறகு ஒரு மெல்லிய ஊதல். ஸ்ஸ் என்று. டேய், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மூடிய வால்வு உள்ளுக்குள் கசிந்தால் நாங்கள் பாஸிங் என்போம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வால்வின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் உள்ளே நீராவி கசிவது இப்படித்தான் கேட்கும். ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். உன் இதயத்தின் இடது பக்க வால்வு பாஸ் ஆகிறது. கொஞ்சமாக. டாக்டர் வாதக் காய்ச்சல் என்றார், ருமாட்டிக் என்றார், எழுதியும் கொடுத்தார். என் காதில் பாதிதான் ஏறியது. எனக்குத் தெரிந்த சத்தத்தைக் கேட்டுவிட்டதால், எனக்குத் தெரிந்த நோய் என்று நினைத்துவிட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஓடுகிற லைனில் வால்வு கொஞ்சம் பாஸ் ஆனால் யாரும் தொடமாட்டோம். எழுதி வைப்போம். வருஷத்துக்கு ஒருமுறை பிளான்ட்டை மொத்தமாக நிறுத்துவார்கள், ஷட்டவுன். அப்போது கழற்றி, வால்வின் மூடி உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சமன்செய்து, சோதித்து, திரும்ப மாட்டுவோம். அதுவரைக்கும் அது கசிந்துகொண்டே ஓடும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. தேய்மானம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆகவே பட்டறையில் யார் எந்தக் கசிவைச் சொன்னாலும் வாயில் தயாராக வரும் வார்த்தை, "அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம்." உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். சின்ன பாஸிங்தான், பையன் வளரட்டும், ரொம்ப ஆனால் ஆபரேஷன் செய்து வால்வை மாற்றிவிடுவார்கள், இப்போதெல்லாம் அதற்கு உலோகத்தில் வால்வு வருகிறது என்று தைரியமாக விளக்கினேன். ஒரு காகிதத்தில் படம்கூட வரைந்து காட்டினேன். அவள் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்றரை வருஷம் ஊசி ஒழுங்காகப் போட்டோம். அதில் எனக்குப் பொறுமை போய்க்கொண்டே இருந்தது. தெருமுனை கிளினிக்கில் போடமாட்டோம் என்றுவிட்டார்கள். பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, எங்களுக்கு எதற்கு வம்பு என்றார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரி. மருந்து சுண்ணாம்பு கரைத்த மாதிரி கெட்டி. பாதியில் ஊசி அடைத்துக்கொண்டால் திரும்பக் குத்துவார்கள். இரண்டு நாள் நீ ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவாய். ஒன்பதரை வயதில் பெரிய ஷட்டவுன் ஒன்று வந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஞாயிறும் கிடையாது. என்னோடு வேலை செய்த ஃபிட்டரிடம், நாளை பாதி நாள் லீவு கேட்கலாமா என்றேன். "மாமு, புள்ளைக்கு ஊசின்னு கேட்டா ஃபோர்மேன் ஒன்ன வூட்டுக்கே அனுப்பிச்சிடுவாரு. புள்ளைக்கு இப்ப இன்னா, நல்லாதான கீறான்?" என்றான். நல்லாத்தான் இருந்தாய். மாடிப்படியில் நாலு நாலாகத் தாவினாய். அந்த ஊசி போகட்டும் என்றேன். அடுத்ததற்கு அம்மா, "நான் கூட்டிகினு போறேன்" என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். தையல் யூனிட்டில் அவளுக்கும் சம்பளம் பிடிப்பார்கள், பையனும் கொஞ்சம் வலியில்லாமல் இருக்கட்டும், வால்வைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றேன். இப்படியே நாலு ஊசி போயிற்று. அந்த நாட்களில் வீடு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? காலெண்டரைப் பார்த்து யாரும் முகம் சுருக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பயம். தப்பு செய்துகொண்டிருக்கும்போது தப்பு மாதிரி ஒரு அறிகுறியும் இல்லை.

நாலாவது ஊசி தவறிப்போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷட்டவுன் முடிந்திருந்தது. ராயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, ஸ்டேஷனில் மேம்பாலப் படியேறினோம். பாதிப் படியில் நீ நின்றுவிட்டாய். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நீ போ, நான் வரேன்" என்றாய். ரயில் சத்தம் கேட்டது. சீக்கிரம் வாடா என்று கத்தினேன். நீ வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, எனக்காகச் சிரிக்க முயற்சி செய்தாய். அம்மா கீழிருந்து வந்து உன் நெற்றியில் கை வைத்தாள். அனல். மூன்று வாரம் முன்னால் உனக்குத் தொண்டை கட்டியிருந்ததே, அதை அப்போதுதான் இருவரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டோம். அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அவள் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பத்து வயதை நெருங்கும் பையன், கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. என்னிடம் கொடு என்றேன், கொடுக்கவில்லை.

வார்டில் மூன்று வாரம் இருந்தோம். நீ கட்டிலில், அவள் கட்டிலுக்கடியில், நான் வராந்தாவில். அவள் என்னைத் திட்டவே இல்லை. திட்டினால் தாங்கியிருப்பேன். நாலாம் நாள் உனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ வால்வு பாக்குறவன். வால்வுன்னா ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்." டம்ளரை உன் கையில் கொடுத்துவிட்டு, "கம்பெனி வால்வு ஒண்ணொண்ணுக்கும் கம்பி வச்சி டேக் கட்டி தேதி எழுதுவேன்னு சொல்லுவியே, இவனுக்கு எங்கயா கட்டுன?" என்றாள். பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா சிரித்துவிட்டார். நான் எழுந்து வெளியே போனேன். நான் உனக்குச் சொல்ல வந்த அறிவுரைகளில் இது முக்கியமானது: ஒரு விஷயத்தில் நீ கெட்டிக்காரன் என்பதற்காக, அதே பெயர் கொண்ட வேறொரு விஷயத்திலும் உன்னை யாராவது நம்பினால், உடனே தடு. தெரியாது என்று சொல். ஒருத்தி என்னை முழுசாக நம்பினாள், அந்த நம்பிக்கையால்தான் உன் உடம்பு கெட்டது.

அந்த டாக்டரம்மா திட்டினார், நன்றாகவே. அதற்குப் பிறகு என்னை உட்கார வைத்து விளக்கினார். எனக்குப் புரிந்த அளவுக்கு உனக்குச் சொல்கிறேன். உன் வால்வு தேயவில்லை. அது புண்ணாகிறது. "உங்க வால்வு இரும்பு, இது உசிருள்ள தோல்" என்றார். "இரும்பு தேயும், அவ்ளோதான். இது வீங்கும், தழும்பு கட்டும், தழும்பு மேல மறுபடி புண்ணாகும்." தொண்டையில் ஒரு கிருமி வருகிறது. அதை அடிக்க உடம்பு ஆள் அனுப்புகிறது. அந்தக் கிருமிக்கும் உன் வால்வின் திசுவுக்கும் ஏதோ ஒரு சாயல் ஒத்துப்போகிறது. வந்த ஆட்கள் அடையாளம் தெரியாமல் வால்வையும் சேர்த்து அடிக்கிறார்கள். இதற்குப் பெயர் அழற்சி. கிருமி நாலு நாளில் போய்விடும். அடிக்க வந்தவர்கள் போகமாட்டார்கள். காய்ச்சல் விட்டு, வீக்கம் வற்றி, நீ மாடிப்படி தாவிய அந்த நாட்களிலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஊசி உன் வால்வைச் சரிசெய்யாது. கிருமி மறுபடி தொண்டைக்குள் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளும், அதுதான் அதன் வேலை. மூன்று வாரத்தில் மருந்து உடம்பில் தீர்ந்துவிடும், அதனால்தான் இருபத்தொரு நாள். நான் விட்டது நாலு ஊசி இல்லை, நாலு தடவை கதவைத் திறந்து வைத்தேன்.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்கு இப்போதும் மண்டைக்குள் குடைகிறது. நல்ல வால்வுக்குள் ரத்தக்குழாய் கிடையாதாம். மெல்லிய இதழ், மேலும் கீழும் ஓடும் ரத்தத்திலேயே பிழைத்துக்கொள்ளும். அழற்சி பிடித்த வால்வில்தான் நூல் நூலாகப் புதுக் குழாய் முளைக்கும். நான் உடனே, "அது நல்லதுதான மேடம், ரத்தம் நெறய கெடைக்குமே" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "ரோடு இல்லாத எடத்துக்கு ரோடு போட்டா பால் வண்டி மட்டுமா வரும்?" என்றார். அந்தப் புதுக் குழாய்கள் வழியாக அடிக்கிற ஆட்கள் இன்னும் வருவார்கள். அவர்கள் வர வர இன்னும் குழாய் முளைக்கும். எந்த இரும்பு வால்வும் தன்னைக் கெடுத்துக்கொள்ளத் தானே லைன் இழுத்துக்கொள்ளாது. அன்றைக்குத்தான் நான் வரைந்து காட்டிய படத்தைக் கிழித்தேன்.

டிஸ்சார்ஜ் ஆன இரண்டு மாதம் கழித்து, அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு இளம் டாக்டர் நம்மிடம் வந்தார். உன் மாதிரிப் பிள்ளைகளுக்கு ரத்தக்குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாராம், வலிக்காது, சம்மதமா என்றார். உன் முன்கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிஷம் இறுக்கி வைத்தார். கை வெளுத்துப்போனது. "நைனா, கைய கயிட்டி எடுத்துகினு போயிடுவாரா?" என்று என்னைக் கேட்டாய். "ஒன் கைய வச்சிகினு நான் இன்னாடா பண்ணப்போறேன், ஹோம்வொர்க்கு கூட ஒயுங்கா எய்துறதில்லயாமே" என்றார் அவர். அவரும் நம்ம பக்கம்தான், தண்டையார்பேட்டை. பிறகு பட்டையைத் தளர்த்தி, முழங்கைக்கு மேலே ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைக் காட்டினார். அடைத்து வைத்த ரத்தம் திடீரென்று பாயும்போது, குழாயின் உள்தோல் அந்த வேகத்தை உணர்ந்து, குழாயை விரியச் சொல்லுமாம். குழாய் தானாக விரிந்து வழிவிடுமாம். பதினைந்து வருஷம் பைப்லைனோடு வாழ்ந்தவன், தானாக வழிவிடும் பைப்பை நான் பார்த்ததில்லை. எவ்வளவு விரிந்தது என்று கேட்டேன். கொஞ்சம் கம்மி மாதிரி தெரியுது என்றார். எவ்வளவு இருந்தால் பாஸ், எவ்வளவு இருந்தால் ஃபெயில் என்றேன். "அப்டி ஒரு கோடு கெடயாதுண்ணே. ஒரு புள்ளைய வச்சி ஒண்ணும் சொல்லமுடியாது. நெறய பேர பாத்துகினு இருக்கோம். அழற்சி வால்வோட நிக்காம குழாயோட உள்தோலையும் தொடுதான்னு எங்களுக்கே இன்னும் சரியா தெரியல" என்றார். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. அளவு தெரியாவிட்டால் எதற்கு அளக்கிறாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆளை அன்றைக்குப் பார்த்தேன், அதனால்.

ஆனால் நிம்மதி போனது போனதுதான். அதுவரை உன் நெஞ்சில் ஒரே ஒரு இடம்தான் எனக்குப் பயம். இப்போது உன் உடம்பில் குழாய் போகும் இடமெல்லாம் பயம். மதியத் தூக்கத்தில் உன் முதுகில் காதை வைத்துப் பார்ப்பேன், வெறும் காதுக்கு ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும். நீ விழித்துக்கொண்டு, "இன்னா நைனா, ரேடியோ கேக்குறியா?" என்பாய். நீ கனைத்தால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஆ காட்டு என்பேன். மாடி வீட்டுப் பிள்ளைக்குத் தொண்டை கட்டினால் அவர்கள் வீட்டுக்கே போய் டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். பேஜார் புடிச்ச ஆளு என்று பெயர் வாங்கியாகிவிட்டது. இந்தப் பயத்தை நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். உனக்கு வேண்டியது பயம் இல்லை, வழக்கம். தொண்டை வலித்தால் அன்றைக்கே டாக்டர். பல் பிடுங்கப் போனால் முதலில் இதய வால்வு விஷயத்தைச் சொல், பிறகு நாற்காலியில் உட்கார். நீ கல்யாணம் செய்துகொள்ளப்போகும் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடு, மறைத்தால் ஊசிக்குப் போக ஒவ்வொரு தடவையும் பொய் தேட வேண்டி வரும், பொய் தேட அலுத்துப்போய் ஊசியை விடுவாய். வேலை கொடுப்பவன் பாதி நாள் லீவு தரமாட்டான் என்றால் அந்த வேலை உனக்கு வேண்டாம். எனக்கு அந்தத் தைரியம் இருக்கவில்லை.

எத்தனை வயது வரை என்று கேட்பாய். நானும் கேட்டேன். வால்வு இப்படி இருப்பதால் நாற்பது வரைக்குமாவது, ஒருவேளை ஆயுசுக்கும் என்றார் டாக்டரம்மா. ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் ஆபரேஷன் வேண்டாமா என்றேன். "வேண்டாம்னு எழுதித் தரமாட்டேன். போடலன்னா என்ன ஆகும்னு நீங்களே பாத்துட்டீங்க" என்றார். அவ்வளவுதான் உத்தரவாதம். பட்டறையில் இப்படி ஒரு பதிலைச் சொன்னால் யாரும் பில் பாஸ் பண்ணமாட்டார்கள். ஆனால் இந்தப் பதிலோடுதான் நீ வாழவேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை, உனக்கும் பிடிக்காது.

போன வாரம் நீ கேட்ட கேள்வியை எழுதியாக வேண்டும். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவோரம் நின்று, "நைனா, நான் ஊசி போட்டுக்கலன்னா நீ போமாட்டல்ல?" என்றாய். சமையல் கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. போகமாட்டேன் என்ற வார்த்தை வாய் வரை வந்தது. நிஜமாகச் சொல்கிறேன், அதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கவிழ்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் உன் ஊசி அன்று முதல் பேரம் பேசும் சாமானாகிவிடும். இன்றைக்கு என்னோடு, நாளைக்கு அம்மாவோடு, பிறகு யார் யாரோடோ. "போவேன். நீ போட்டுக்கலன்னாலும் போவேன்" என்றேன். நீ வெளியே போனாய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "புள்ளைகிட்ட இப்டியா பேசுவ, நீயெல்லாம் மனுசனா" என்றாள் அம்மா. பிறகு அவளே, "ஒன் எடத்துல நான் இருந்தா போமாட்டேன்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

வியாழக்கிழமை வர வேண்டிய ஊசியை, நான் இருக்கும்போதே போட்டுவிடலாம் என்று இன்று காலைக்கு மாற்றிக் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். ஊசி அறை வாசலில் வழக்கம்போல உன் தோளைப் பிடித்து உள்ளே நுழையப் போனேன். நீ என் கையை எடுத்துவிட்டாய். "நீ வெளிய நில்லு நைனா" என்றாய். "ஏன்டா?" என்றேன். "அடுத்த தபா நீ இருக்கமாட்டல்ல." கதவைச் சாத்திக்கொண்டாய். நர்ஸம்மா குரல் கேட்டது. "இன்னாடா, தொணைக்கு யாரும் இல்லியா?" உன் பதில் கேட்கவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை, அந்த மருந்து மெதுவாகத்தான் ஏறும் என்று எனக்குத் தெரியும், கதவுக்கு வெளியே நின்று நான் என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். நொண்டிக்கொண்டே வந்தாய். கண் சிவந்திருந்தது, ஆனால் அழுததாக ஒப்புக்கொள்ளமாட்டாய். நான் சீட்டை வாங்கி அடுத்த தேதியைப் பார்க்கக் கை நீட்டினேன். நீ சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாய். "நாலாந்தேதி, செவ்வாக்கெயம. நானே கேட்டுகினேன்" என்றாய்.

இதைப் படிக்கிற பதினெட்டு வயதுக்காரனிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பீரோவில் தேடாமல், சீட்டைப் பார்க்காமல், அம்மாவைக் கேட்காமல் சொல்: உன் அடுத்த தேதி எது? பதில் உடனே வந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். வரவில்லை என்றால் இதைக் கீழே வை, சட்டையை மாட்டிக்கொள், இரண்டு பஸ் மாற வேண்டும், இப்போதே கிளம்பு.

உன் நைனா